மூணு மாசக் கவர்

— கவர் வரலேன்னா என்னடி அர்த்தம், முத்துமாரி? யாரு அனுப்பணும் உனக்கு?

— நீங்கதான், நாகலக்ஷ்மி மேடம். எங்களயெல்லாம் வேலய விட்டு நிப்பாட்டுன அன்னைக்கு நீங்கதான மைக்குல சொன்னிய, மூணு மாசத்துக்கு கவர் உண்டுன்னு? தாராவியிலருந்து வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறேன். இன்னைக்குத்தான் உள்ள விட்டாவ. வாச்மேன் வெயிலுமுத்து அண்ணாச்சி ஒருநா கேரி பேக்க எடுத்து நீட்டுதாவ!

— ராமா! தபால் கவர் இல்லேடி. இன்ஷூரன்ஸ் கவர்! வேலையை விட்டு அனுப்பினாலும் மூணு மாசத்துக்கு உங்காத்து ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்னு அர்த்தம்.

— அப்பம் அத அப்டியே சொல்ல வேண்டியதுதான? நாங்க ஒட்டி வார கவருன்னுல்லா நெனச்சோம்.

— நாங்கன்னா? எத்தனை பேரு?

— தாராவிக்காரிய அம்புட்டு பேரும்தான். உள்ள ரூவா இருக்கும்னு எங்ககூட வேல பாத்த பேராச்சி வேற சொல்லி வச்சிருக்கா.

— எங்க போய் முட்டிக்கறது நான்! சரி, இன்னிக்கு என்ன இப்படி ஓடி வந்திருக்கே? மூஞ்சியே சரியில்லையே.

— எங்க வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில கல்லு, மேடம். ரெண்டு நாளா வலி தாங்காம துடிக்காவ. இனியும் ஆப்பரேசன் பண்ணாம வச்சிருந்தா உசிருக்கே ஆபத்துன்னுட்டாரு டாக்டரு. கவருல ரூவா வந்ததும் சேத்துரலாம்னு நாந்தான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன்.

— அறிவிருக்காடி உனக்கு? இன்னியோட மூணு மாசம் முடியறது!

— ஐயோ, என்ன மேடம் இடியத் தூக்கிப் போடுதிய!

— கத்தாதே. எதுக்கெடுத்தாலும் கத்தல். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யார்கிட்டயாவது விசாரிச்சிருக்கப்படாதா?

— ஏசுறத அப்புறமா ஏசுங்க. மொதல்ல இன்சூரன்சுக்குப் போனப் போடுங்க.

— போட்டுண்டுதானே இருக்கேன்! சனியன், பாட்டா பாடிண்டிருக்கு... ஹலோ, ஹாங் ஜி... ஓ, தமிழா? நல்லதாப் போச்சு. முத்துமாரின்னு, எங்க பேக்கிங் செக்‌ஷன்ல இருந்தவ. ஆம்படையான் பேரு பூலோகம். பாருங்கோ, பாருங்கோ, லைன்ல இருக்கேன்.

— என்ன சொல்லுதாவ?

— இரேன்டி. பேர் இருக்காம்! இன்னிக்குள்ள அட்மிட் பண்ணிட்டா ஆப்பரேஷன் நாளைக்கே நடந்தாலும் செல்லுமாம்.

— எஞ்சாமி! நீங்க நல்லா இருக்கணும், மேடம்.

— அதெல்லாம் அப்புறம். டாக்ஸியைப் பிடிச்சு ஓடு... சார், ஆஸ்பத்திரிலேர்ந்து ஏதாவது கேட்டா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்கோ. எச்.ஆர். நாகலக்ஷ்மி... என்னது? இல்லே இல்லே, வேற நாகலக்ஷ்மி யாராவது இருக்கும். நன்னாப் பாருங்கோ... நேத்திலேர்ந்தா?

— மேடம்? போன வச்சிட்டியளா? ஏன் இப்டி நிக்கிய?

— நீ கெளம்பு. அவர் அங்க துடிச்சிண்டிருப்பார்.

— என்னன்னு சொன்னாத்தான் போவேன். எங்களுக்குக் கெடைக்காதா?

— உனக்கு ஒண்ணுமில்லேடி, உனக்குக் கெடைக்கும். நேத்திலேர்ந்து எனக்கும் அந்த மூணு மாசக் கணக்குதான் ஓடறதாம். எங்கிட்ட யாருமே சொல்லலே... சொல்ல வேண்டிய வேலை என்னோடதுதானே.