இறங்க மறுத்த லிஃப்ட்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, கையால் செய்த கருவிகளை இங்கே காட்சிக்கு வைத்திருக்கும் கலைஞர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தாய்மார்களே, முப்பத்து நான்கு ஆண்டுகள் என் கணக்குப் பாடத்தைப் பொறுத்துக்கொண்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்!

'வீட்டிலேயே லிஃப்ட் செய்து வென்றவர்' என்று அழைப்பிதழில் என்னைப் போட்டிருக்கிறார்கள். வென்றது யார்? நானா? என் மைத்துனரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குழம்பித்தான் வந்திருக்கிறேன், குழப்பத்தைத்தான் பேசப்போகிறேன்.

என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நாங்கள் குடியிருப்பது மாடியில். இருபத்திரண்டு படிகள். மருத்துவமனைக்கு ஒருமுறை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப்போனார்கள். திரும்பி வந்தவள் சொன்னாள்: "பீரோவைத் தூக்குற மாதிரி தூக்குறாங்க. இனிமே நானா இறங்கினாத்தான் இறங்குவேன்." ஒன்பது மாதம் இறங்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரேன்பா. அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க படியே கிடையாது." அவளுக்குப் போக மனமில்லை. எனக்கு அனுப்ப மனமில்லை. கையில் இருந்தது மூன்று வாரம்.

என் மைத்துனர் டிப்பர் லாரி பழுது பார்ப்பவர். "மண்ணு லோடையே தூக்குது மாமா, எங்க அக்காவைத் தூக்காதா?" என்றார். மோட்டார் ஓடினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போகும், ஆள் நிற்கும் தட்டு ஏறும். வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், தட்டு இறங்கும். ரிமோட்டில் இரண்டே பொத்தான். மோட்டார் திணறக் கூடாதே என்று கணக்குப் போட்டு, தட்டை இறகு போல அலுமினியத்தில் செய்யச் சொன்னவன் நான். வெறும் தட்டு பத்து முறை ஏறி இறங்கும் வரை ஓர் உயிரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நானே!

பொத்தானை அமுக்கினோம். ஏறியது! கீழ்ப் பொத்தானை அமுக்கினோம். 'டிக்' என்றது. அவ்வளவுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்; எங்கள் லிஃப்டோ ஏறியது, சறுக்கவே மாட்டேன் என்றது!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிமோட்டின் பேட்டரியா? மாற்றினோம். வயரா? மாற்றினோம். வால்வா? மூன்று வால்வு மாற்றினோம். தட்டில் கயிறு கட்டி இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது. அப்போதாவது புத்தியில் பட்டதா? "வால்வு அரைகுறையாத் திறக்குது மாமா." "இல்ல மாப்ளே, ரிமோட் அரைகுறையாச் சொல்லுது." மாடியிலிருந்து ஒரு குரல்: "அரைகுறை ரெண்டும் கீழதான் நிக்குது!"

சனிக்கிழமை வந்தது. தட்டு மேலே நிற்கிறது. நாங்கள் இருவரும் கீழே மின்பெட்டிக்குள் தலையை விட்டுச் சண்டை போடுகிறோம். 'டிக்' என்றொரு சத்தம். பிறகு ஊன்றுகோல் தட்டும் ஓசை.

"கொஞ்சம் நகருங்க, நான் இறங்கணும்."

நிமிர்ந்தால், ரிமோட்டும் கையுமாக, தட்டின் கம்பியைப் பிடித்தபடி, பூப்போல இறங்கி வந்துகொண்டிருக்கிறாள் என் மனைவி! "உன்னை யாரு ஏறச் சொன்னது?" என்று கத்தினேன். அவள் அமைதியாகக் கேட்டாள்: "வெறும் பலகை எதுக்குங்க இறங்கணும்? அதுக்குக் கீழ என்ன வேலை? எனக்கு வேலை இருக்கு."

சைக்கிள் பம்பின் கைப்பிடியை மேலே இழுத்து விட்டுப்பாருங்கள். தானாக இறங்குமா? கை வைத்து அமுக்க வேண்டும். எங்கள் தட்டையும் அமுக்க ஒரு கனம் வேண்டியிருந்தது. டிப்பரின் தொட்டி தன் எடையாலேயே இறங்குவதைப் பார்த்துப் பழகிய மைத்துனருக்கு அது தோன்றவில்லை. எடையைக் குறைத்தே பெருமைப்பட்ட எனக்கும் தோன்றவில்லை. என் கணக்கு தவறா? இல்லை. என் சட்டம் தவறா? அதுவும் இல்லையே! யாராவது கேட்டால், நாலு மணல் மூட்டையை வைத்து முதலில் சோதியுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவள் கால் வைத்திராவிட்டால் மூட்டை வைக்கும் யோசனை எனக்கு வந்திருக்குமா? தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும், பெரியோர்களே! யாருக்காகச் செய்கிறோமோ அவரைக் கேட்காமல் செய்தோம். அவர் நலனுக்கென்று சொல்லி, அவரையே தள்ளிவைத்துச் சோதித்தோம். மூன்று வாரம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், 'உனக்கு என்னம்மா தோணுது' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கேட்டோமா? பாரம், பாரம் என்று ஊரே ஒதுக்கும் கனம் இருக்கிறதே, அந்தக் கனம் இல்லாமல் எங்கள் இயந்திரம் அசையவில்லை ஐயா, அசையவில்லை!

கை தட்டுவதை அவளுக்குத் தட்டுங்கள்.

ஞாயிறு காலை மகன் வந்தான். இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினான். அடுத்த நிமிடம் மேலிருந்து அலறல்: "அப்பா! அம்மாவைக் காணோம்!" நான் அறை அறையாகத் தேடவில்லை, தெருவில் இறங்கி நடந்தேன். முனைக் கடையில் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் கழித்து, என் வீட்டில் அவளைத் தேட வேண்டியிருந்தது! மகன் தனியாகத்தான் ஊர் திரும்பினான்.

பேசத் தொடங்கும்போது மூன்றாம் வரிசையில் இருந்தாள். இப்போது அங்கே இல்லை. எங்கே போனாள் என்று தெரியவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவும் தெரியவில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நான் தேடப் போகிறேன். வணக்கம்.