கரசுமோரி மலையில் ஒற்றை விளக்கு

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். கரசுமோரி மலைச்சாலை. நவம்பர் கடைசி. மேலிருந்து கீழே நாற்பத்தொரு வளைவு... ஒரு தெருவிளக்கு கிடையாது. நாம் இப்போது நிற்கிறோமே, இதே இடத்திலிருந்துதான் நான் சொல்லப்போகிற இருவரும் வண்டியில் கீழே இறங்கினார்கள். கொஞ்சம் கிட்டே வாருங்கள். இந்தக் காற்றில் கத்திச் சொல்ல என்னால் ஆகாது. எஞ்சின்களையும் அணைத்துவிடுங்கள்.

இது நடந்தது நிராசாவாவின் அக்காள் கணவருக்கு. நிராசாவா எனக்கு நண்பன். பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரியில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் அக்காள் பெயர் தோமோயே. அவள் கணவர் குனிஹிரோ. ரோட்டரி எஞ்சின் வண்டிகளுக்கு மட்டும் ஒரு பட்டறை, கீழே ஆற்றோரம். அவரும் ஓதாகே என்ற ஒரு கூட்டாளியும் நடத்தினார்கள். குனிஹிரோ பேச்சுக்காரர். வருகிறவர்களைக் கவனிப்பது அவர் வேலை. ஓதாகே வாயே திறக்கமாட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து எஞ்சினின் காற்று வழிகளைக் கையால் அராவிக்கொண்டே இருப்பார். அராவி முடித்த எஞ்சினை நின்றபடி ஓடவிட்டால் ஒரு சத்தம் வரும். உங்களுக்குத் தெரியும்... ப்ராப்... ப்ராப்... ப்ராப்ப்ராப்... நடுவில் ஒரு துடிப்பு தப்பும். பட்டறைக்குப் பட்டறை அந்தச் சத்தம் வேறு. ஓதாகேயின் கை பட்டதை அடுத்த தெருவிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஓதாகேயின் வண்டி வெள்ளை. முகப்பிலிருந்து மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்பும் விளக்குகள். அதில் இடப்பக்கத்து விளக்கு எழும்பாது. ஊரார் வண்டியையெல்லாம் சரிசெய்தவர், தன்னுடையதை அப்படியே விட்டுவிட்டார்.

அந்த ஓதாகே இது நடப்பதற்கு ஒரு வருடம் முன்னால் காணாமல் போனார். வண்டியும் இல்லை. தனியாள், தேட யாருமில்லை. தெற்கே க்யூஷூ தீவில் ஒரு பெண் இருக்கிறாள், அங்கே போய்விட்டான் என்றார்கள். முதலில் அப்படிச் சொன்னது குனிஹிரோ.

அடுத்த நவம்பரில் குனிஹிரோவுக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு மணியானால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "கேக்குதா?" என்று மனைவியைக் கேட்பார். அவளுக்கு ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். கொஞ்ச நாளில் இரவானால் தன் மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தார். விடிந்துதான் திரும்புவார். தோமோயே தம்பியைக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு ராத்திரி அவர்கூடப் போயிட்டு வாடா. யாரப் பாக்கப் போறார்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றாள். அவள் மனதில் இருந்தது வேறொரு பெண்.

நிராசாவா போனான்.

இங்கே வந்து நிறுத்தினார்கள். குனிஹிரோ வண்டியை விட்டு இறங்கவில்லை. நிராசாவா என்னென்னவோ பேசிப் பார்த்தான், வம்புக்கு இழுத்துப் பார்த்தான். அக்காள் சமையல் அவ்வளவு மோசமா, ராத்திரியானால் மலைக்கு ஓடிவருகிறீர்களே என்றுகூடக் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பத்துக்கு வண்டியைக் கிளப்பினார்.

ஐந்தாவது வளைவு... ஆறாவது வளைவு... பின்கண்ணாடியில் ஒரு வெளிச்சம். ஒன்றே ஒன்று.

"பைக்கா, மச்சான்?" என்றான் நிராசாவா.

குனிஹிரோ இன்னும் அழுத்தி மிதித்தார். பிறகு சத்தம் வந்தது. ப்ராப்... ப்ராப்... ப்ராப்ப்ராப்... அந்த வேகத்தில் ஓடும் வண்டியில் அந்தச் சத்தம் வரக் கூடாது. அது நிற்கும் வண்டியின் சத்தம். ஆனால் அந்த வெளிச்சம் வளைவுக்கு வளைவு நெருங்கி வந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன. உள்ளே பெட்ரோலில் கலந்து எரியும் எண்ணெயின் தித்திப்பான வாடை... தொண்டையில் ஒட்டுகிற மாதிரி.

பின்னாலிருந்து முதல் இடி விழுந்தது.

நிராசாவாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் மோதியது. இரண்டாவது இடி வளைவில். மஞ்சள் வண்டி பக்கவாட்டில் சறுக்கி இரும்புத் தடுப்பில் உரசியது. தீப்பொறி. இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. குனிஹிரோ திருப்பினார், மிதித்தார். விட்டு விலக முடியவில்லை. மீட்டரில் நூற்றுப் பத்து. கீழே பள்ளத்தாக்கு.

அப்போதுதான் அவர் பேசினார். சாலையைப் பார்த்துக்கொண்டே.

"ஓதாகே எங்கயும் போகல, மாப்ள. நான் அவன அடிச்சேன்."

மிச்சத்தை வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே துண்டுதுண்டாகச் சொன்னார். ஒரு கார் பத்திரிகையிலிருந்து வந்து மஞ்சள் வண்டியைப் படமெடுத்துப் போட்டார்கள். எஞ்சினைச் செய்தது யார் என்று கேட்டதற்கு நான்தான் என்று குனிஹிரோ சொல்லிவிட்டார். உண்மையில் அதில் அவர் கை ஒரு நிமிடம்கூடப் பட்டதில்லை. நான்கு மாதம் ஓதாகே அராவியது. பத்திரிகை வெளிவந்த இரவு ஓதாகே இவரைத் தேடி மலைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. அவர்களுக்கு ஒரு போன் பண்ணி என் பெயரையும் சொல் என்றார், அவ்வளவுதான். குனிஹிரோ சிரித்தார். ஓதாகே அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கி இவர் வாயில் திணித்தார்.

"ஸ்பானர் கையில இருந்துச்சு. மொத அடியிலயே விழுந்துட்டான். அதுக்கப்புறமும் அடிச்சேன், மாப்ள. கை ஓயுற வரைக்கும் அடிச்சேன்."

ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மனது கேட்காமல் திரும்பி வந்தபோது ஆளில்லை. வெள்ளை வண்டியும் இல்லை. தார்மேல் ரத்தம் மட்டும். எழுந்து போய்விட்டான், பிழைத்துக்கொண்டான் என்று ஒரு வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இடி. பின்கண்ணாடி முழுக்க அந்த ஒற்றை வெளிச்சம். பதினேழாவது வளைவில் சாலை கொஞ்சம் அகலம். குனிஹிரோ அங்கே வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். பின்னால் வந்ததும் நின்றது. ப்ராப்... ப்ராப்... அதே சீராக.

இருக்கைக்குப் பின்னாலிருந்து முழங்கை நீள ஸ்பானரை எடுத்தார்.

"நீ எறங்காத. இது அவனுக்கும் எனக்கும்" என்றார்.

நிராசாவா உள்ளேயே இருந்தான். நடுக் கண்ணாடியில் பார்த்தான். குனிஹிரோ வெளிச்சத்துக்குள் நடந்து போனார். இருட்டு உருவமாக, கையை ஓங்கி... கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டது பின்னால். சில்லுகள் விழுந்தது அவன் மடியில்.

திரும்பினான். அவன் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி இல்லை. வெளியே குனிஹிரோ நின்றிருந்தார். அவனைத்தான் பார்த்தார்... ஆனால் அவனைப் பார்க்கவில்லை. கையை மறுபடி ஓங்கினார். "நீ போயிட்டேன்னு நெனச்சேனே, ஓதாகே" என்றார். அழுதுகொண்டே.

அந்த அடி தாடையில். எலும்பு முறிந்தது காதுக்குள் கேட்டதாம். அடுத்தது இடது கண்ணில். அடுத்தது மறைக்கத் தூக்கிய கையில். தோமோயேயின் பெயரைச் சொல்லிக் கத்தப் பார்த்தான், வாய் இடத்தில் இல்லை. ரத்தமும் பல்லும்தான் வந்தன. அடித்துக்கொண்டே இருந்தார். இத்தனை நேரமும் நடுக் கண்ணாடியில் அந்த இன்னொரு குனிஹிரோ, இருட்டு உருவம், வெளிச்சத்துக்குள் நின்று அதே கையை அதே தாளத்தில் ஓங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று பின்னால் எஞ்சின் நின்றது.

அவ்வளவுதான். இருட்டு. குனிஹிரோவின் கை மேலேயே நின்றுவிட்டது. கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். "மாப்ள?" என்றார், கதவைத் தட்டிக் கேட்பதுபோல.

மருத்துவமனைக்கு அவரேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து நடந்தே காவல் நிலையத்துக்குப் போனார். ஒரு வருடத்துக்கு முன் செய்ததையும் அன்று செய்ததையும் சேர்த்துச் சொன்னார். தோமோயே தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டு நாள் உட்கார்ந்திருந்தாள். நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்பதைத் தவிர அவள் ஒன்றும் பேசவில்லை. கணவரைப் பார்க்க ஒரு தடவைகூடப் போகவில்லை. இதையெல்லாம் நிராசாவா எனக்கு எழுதிக் காட்டினான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கண் திரும்பி வரவில்லை. மஞ்சள் வண்டியின் பின்பக்கம் நசுங்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். நசுங்கிய இடமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்.

காவலர்கள் குனிஹிரோ சொன்ன பதினேழாவது வளைவுக்குக் கீழே தேடினார்கள். நடுவில் இரண்டு நாள் பனி கொட்டியது. ஐந்தாம் நாள் சரிவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, வெள்ளை வண்டி அகப்பட்டது. இழுக்க எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். நிராசாவா படுத்திருந்தான். கயிறு கட்டிக்கொண்டு நான் இறங்கினேன்.

சுற்றிலும் முழங்கால் அளவு பனி. வண்டியின் கூரைமேலும் பனி. முன்மூடிமேல் மட்டும் ஒரு துளிகூட இல்லை, ஈரமாக மினுங்கியது. ஒரு காவலர் சறுக்கி அதன்மேல் கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் எடுத்துக்கொண்டார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. பெட்ரோல் தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தோம். காய்ந்து துருப்பிடித்துக் கிடந்தது.

ஓதாகே உள்ளேதான் இருந்தார். ஒரு வருடம்... அதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் ஓட்டுகிற பக்கத்தில் இல்லை. இடது இருக்கையில், நிராசாவா உட்கார்ந்திருந்த பக்கத்தில் இருந்தார். யாராவது உடம்பைத் தொட்டீர்களா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நாங்கள் அப்போதுதான் ஓட்டுநர் பக்கத்துக் கதவையே நெம்பித் திறந்திருந்தோம்.

ஓதாகே இருந்த பக்கத்துக் கதவு மரத்தில் இறுகியிருந்தது. ஆகவே ஓட்டுநர் பக்கமாகத்தான் நான் உள்ளே போக வேண்டும். போக முடியவில்லை, பெல்ட் குறுக்கே இருந்தது. அது பூட்டியிருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. பட்டை மட்டும் ஒரு நெஞ்சின் அளவுக்கு முன்னால் தள்ளி, விறைப்பாக நின்றது.

கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பூட்டு விட்டது. அந்தப் பட்டை வெடுக்கென்று உள்ளே ஓட வேண்டும், இல்லையா? ஓடவில்லை. மெதுவாக... யாரோ கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாதிரி... மெதுவாகத்தான் போனது.