கரையில் நிற்கும் ராணி

"அவன் கடலுக்குப் போயி ஆறு மாசமாச்சு. ராணி இன்னும் கரையிலயே நிக்கிறா. இன்னைக்காவது அவள வீட்டுக்கு அனுப்புடி."

நானுஓயாவில் ரயில் புறப்பட்டதும் எனக்கு எதிரே இருந்தவள் தன் சிநேகிதியிடம் சொன்னாள். சிநேகிதி மடியில் புதுப் பெட்டி. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிறாளாம். தேயிலைத் தோட்டத்தில் இருவருக்கும் பறிக்க அடுத்தடுத்த செடி வரிசை, அதாவது நிரை. கொழுந்து பறித்தபடியே பெட்டிக்காரி, கடலில் ஊர் தேடிப் போனவனையும் அவனை அனுப்பிய ராணியையும் பற்றிக் கதை சொல்வாள். நிரை முடிகிற இடத்தில் கதையும் நின்றுவிடும்.

"அவன் கை கட்டி நின்னப்ப ராணி என்ன சொன்னா?"

"நிமுந்து நில்லுப்பா, ஊரு கண்டுபுடிக்கப் போறவன் கை கட்டக் கூடாதுன்னா. கப்பலும் குடுத்தா."

"பேசாம அவளும் ஏறியிருக்கலாம்ல?"

"அப்பறம் அவன் கண்டத யாருகிட்ட வந்து சொல்லுவான்?"

வெளியே மலை முழுவதும் மூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. பெட்டிக்காரி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப கப்பலச் சுத்தி மூட்டம். எது தண்ணி, எது வானம்னு தெரியல."

"கர சேந்தானா?"

"இன்னும் நெர முடியலடி."

கதை கேட்கத்தான் கொட்டகலை வரை வந்தேன் என்றவள், அங்கே இறங்கி ஜன்னலோரம் வந்து நின்றாள். ரயில் நகர்ந்தபோது கேட்டது கதை சொன்னவள்தான்.

"நான் வர்ற வரைக்கும் ராணி என்னடி செய்வா?"

"ஒன் நெரைய வேற யாருக்கும் விடமாட்டா."