சும்மா விட்டவர்களின் பட்டியல்

புவாண்ட்-கிளேரிலிருந்து பியர்ஃபோனுக்குப் போகும் மாலை பஸ். என் முன் இருக்கையில், ஒரே கிடங்கில் வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பெண்கள். முந்தின நாள் என் மகள் வேலையிடத்திலிருந்து அழுதுகொண்டு வந்திருந்தாள். எல்லா இடமும் அப்படித்தான் என்று சொல்லியிருந்தேன். அதனால் இளையவள் பேசத் தொடங்கியதும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவன் ஆரை ஏசினவன் எண்டு நான் முறைப்பாட்டில எழுதேல்லை, அக்கா. ஆரைச் சும்மா விட்டவன் எண்டுதான் எழுதியிருக்கிறன்."

"சுப்பர்வைசர் எல்லாரையும் ஏசுறவன்தானேடி. வீட்டில மனுசியையும் உப்பிடித்தான் ஏசுவான்."

"ஓம், அது அவன்ர குணம். அதுக்கு நான் முறைப்பாடு குடுக்கேல்லை. அண்டைக்குப் பனிக்குள்ள பஸ் பிந்தி, அஞ்சு பேரும் ஒண்டாத்தானே இறங்கினனாங்கள்? எச்சரிக்கைக் கடிதம் எனக்கும் அந்தக் கறுப்பு ஹெயிட்டிக்காரருக்கும் மட்டும். ரெண்டு வெள்ளைக்காரருக்கும் இல்லை."

மூத்தவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு இடத்திலதான் இடிக்குது. உங்களுக்கும் கடிதம் தரேல்லை. அதைக் காட்டியே நிறம் பாக்கேல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள். எண்டாலும் நாளைக்குக் குடுக்கத்தான் போறன்."

மூத்தவள் கையுறையைக் கழற்றினாள். கைப்பையின் அடியிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"எனக்கும் அதே கடிதம் தந்தவன். பிந்தினது என்ர பிழை எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்தா, என்ர பேரையும் எழுது."

"வேலை போனால், அக்கா?"

"பஸ் சிவப்பு விளக்கில நிக்குது. ஆடுறதுக்கு முன்னம் வடிவா எழுதடி."