பிரமுகருடன் ஒரு மாது

உங்கம்மாவுக்குப் பண்ணது அநியாயம், ரமணிக்கா. இதச் சொல்லத்தான் பெட்டாலிங் ஜெயாவுலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன். இல்ல, டீ எல்லாம் வேணாம். நீங்க உக்காருங்க.

பெடரல் ஹைவேயில லோரில மோதுனது ஒரே கார். செத்தது ரெண்டு பேரு. மறுநாள் பேப்பர்ல சபாபதிக்குப் படம், பேரு, கிள்ளான் பிரமுகர்னு பட்டம். உங்கம்மாவுக்கு என்னா? பிரமுகருடன் காரில் இருந்த மாதும் மாண்டார். அவ்வளவுதான். இராஜம்மான்னு பேரு இல்ல, எதுக்குப் போனாங்கன்னு இல்ல.

ஆமாக்கா, தெரியும். முச்சந்திக் கடையில வழி கேட்டேன், அங்கயே ஒருத்தன் இளிக்கிறான், அந்தக் கார் பொம்பள வீடான்னு. ஒரு வரி, என்னா வேல செஞ்சிருக்கு பாருங்க.

இந்தப் பக்கம் எந்த வீட்ல பொம்பள செத்தாலும் குளிப்பாட்டி, சேல கட்டி, தல சீவி விட்டது உங்கம்மா. பிரிக்பீல்ட்ஸ்ல சபாபதியோட அக்கா செத்துக் கெடக்குது, என்னைய இராஜம்மாதான் குளிப்பாட்டணும்னு அது உசுரோட இருக்கப்பவே சொல்லி வச்சிருக்கு. அதான் அவரே காரெடுத்துட்டு வந்தாரு. அந்தப் பிரமுகரு வந்து நின்ன வாசல் இது. கடைசில உங்கம்மாவக் குளிப்பாட்ட ஒருத்தியும் வரலயாமே. நீங்க ஒத்த ஆளா... சரி, சரி. சொல்லல. விட்டுட்டேன்.

எனக்கா? தூக்கம் இல்லக்கா. ஹாஸ்டல்ல குளிக்கப் போனா, அடுத்த கதவுக்குப் பின்னால யாரோ தண்ணி மொண்டு ஊத்துறாங்க. அவசரமே இல்லாம, ஒரு கொழந்தைக்கு ஊத்துற மாதிரி. நின்னு கேப்பேன். கதவத் தள்ளிப் பாத்தா தரை காஞ்சு கெடக்கும். இப்ப நாலு வாரமா.

அந்தப் பேப்பர் எடிட்டர் விநாயகமூர்த்தி சார்கிட்ட சண்ட போட்டேன் லா. பிரமுகர்னா யாரு சார்னு கேட்டேன். நாலு பேருக்குத் தெரிஞ்சவருன்னாரு. இத்தன வீட்டுக்குள்ள போயி பொணத்துக்குப் பொட்டு வச்சவங்கள எத்தன பேருக்குத் தெரியும்னேன். கோயிலுக்கு ரெண்டு சீலிங் காத்தாடி வாங்கிக் குடுத்து றெக்கையில பேரெழுதிட்டா பிரமுகர். சேலக்கடைய ரிப்பன் வெட்டித் தொறந்தா பிரமுகர். பொம்பளைக்கு ஆகாதுன்னு அகராதியில எங்கயும் இல்லக்கா, நான் பாத்துட்டேன். நம்ம பேப்பர்ல பழைய கட்டுங்களப் பொரட்டுனேன், ஒரு பொம்பளைக்குக்கூட அந்த வார்த்தையப் போட்டதில்ல. எல்லாம் மாது. செத்தாலும் மாது, பரிசு வாங்குனாலும் மாது.

யுனிவர்சிட்டி புள்ள, நல்லா வாதாடுறேன்னு சிரிச்சாரு. திருத்தம் போடுங்க சார்னேன், பேரு, செஞ்ச வேல, எதுக்கு அந்தக் கார்ல ஏறுனாங்க, எல்லாம். ஆறுனதக் கிளறாதன்னாரு. யாருக்கு ஆறுச்சுன்னு நான் விடல. மூணு நாள் அவரு மேசைக்கு முன்னாலயே நின்னேன்.

நேத்துதான் எறங்கி வந்தாரு. மொதப் பக்கத்துலயே போடுறேன், ஆனா அந்த வீட்டுக்குப் போயி நடந்ததச் சொல்லிட்டு வா, அப்புறம் போடுறேன்னாரு.

நடந்தது என்னான்னா... பேரு வராம இல்லக்கா. நிருபரு சரியாத்தான் எழுதியிருந்தாரு. இராஜம்மா, வயது ஐம்பத்து மூணு, எறந்தவங்களக் குளிப்பாட்டுற வேலைக்காகப் போய்க்கிட்டிருந்தாங்கன்னு முழுசா. பக்கம் கட்டுறப்ப இடம் பத்தாம ரெண்டு வரி கூடிருச்சு. எதையாச்சும் வெட்டியாகணும். பிரமுகர்ங்கறத வெட்டியிருக்கலாம், அவரு கோயில்ல வகிச்ச பதவிங்கள வெட்டியிருக்கலாம். கை அங்க போகவே இல்ல. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. நேரா உங்கம்மா பேருக்குத்தான் போச்சு.

இல்ல, விநாயகமூர்த்தி சார் இல்ல. அன்னிக்கு ஞாயிறு, அவரு லீவு. நிருபரும் இல்ல.

நீங்க மூணு தடவ ஆபீஸ் வாசல்ல வந்து, இப்படிப் போட்டது யாருன்னு கேட்டும் யாரும் வாயத் தொறக்கலன்னு சொன்னாங்க. சனி ஞாயிறு அங்க புரூப் பாத்து, கூடுன வரிய வெட்டுறது நாந்தான்க்கா.