பாதி மாத்திரை

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் மாப்பிள்ளையிடம் சொன்னார்:

"எட்டு மாசமா நான் தின்னது வெறும் மாவாம்லே."

"யாரு சொன்னா?"

"மதுரை டாக்டரம்மாதான். ஈரல்ல கிருமி இருக்கவுகள ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மாவு மாத்திரை. ஆராய்ச்சி முடிஞ்சு இன்னைக்குத்தான் யாருக்கு எதுன்னு சொன்னாக."

கிருமி என்றதும் நான் அவர் சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். சட்டைப்பைக் கண்ணாடியில் பார்த்தால் என் கண் மஞ்சள். சாயங்கால வெயிலில் பஸ்ஸே மஞ்சள் என்பது பிறகுதான் உறைத்தது.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலயே மச்சான்?"

"எனக்கில்லலே. அண்ணனுக்கும் அதே கிருமி. அவுகள ஆராய்ச்சில சேக்கல. மனசு கேக்காம என் மாத்திரைல பாதிய அவுகளுக்குக் கொடுத்தேன். காலி டப்பாவ டாக்டரம்மாட்ட காட்டி, நானே தின்னேன்னுட்டேன்."

"அடப் பாவி."

"தின்னதும் தெம்பா இருக்குன்னாக அண்ணன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, அதான் மருந்து திங்கேனேன்னு வரல. இப்ப வயித்துல தண்ணி கட்டிருச்சு."

திருச்சுழியில் இறங்கினோம். வீங்கிய வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் காத்திருந்தார்.

"கொண்டாந்தியாலே?"

"இல்லண்ணே. ஏறுங்க, இதே பஸ்ஸு திரும்புது. மதுரைக்குப் போவம்."

"எதுக்குலே? அந்த மாத்திரைதான் எனக்கு நல்லாக் கேக்குதே."