இரண்டு பேரைத் தாங்கியவன்

தலைமை தாங்கும் போதகர் ஹாஸ்கின்ஸ் அவர்களே! என் மகனை ஆடுகளத்தில் ஆளாக்கிய பயிற்சியாளர் பிகெட் அவர்களே! வெள்ளை உடையும் விரிந்த தொப்பியுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் நம் சபையின் தாய்மார்களே! அவனைப் பாராட்டும் இந்த விருந்தில் வறுத்த கெளுத்தி மீனை வாரி வாரி வழங்கிய சமையற்கட்டுச் சகோதரிகளே! இந்தக் கர்ட்டிஸ் மேபெரியின் அன்பு வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? ஓ, சாப்பிடும்போது கழுத்தில் செருகிய துண்டோடு மேடையேறிவிட்டேனா! லொரீன், நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"சொன்னேன்யா! மைக்கைப் பாத்ததும் நீதான் ஓடுன!"

கேட்டீர்களா? வீட்டிலும் இதே விசாரணைதான்.

மர அறுவை ஆலையில் கட்டை தள்ளியவன் நான். பந்தை நெஞ்சோடு அணைத்து ஓடும் இந்த அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் மகன் டெவ்ரன் பள்ளிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், பந்து நம் பிள்ளைகள் கையில் இருந்தது. பாசம் பொங்கியது, உங்கள் எல்லோரையும் போல் உற்சாகப்படுத்தக் கொண்டுபோன பசுமணியை எடுத்து ஆட்டினேன். அந்தச் சத்தத்தில் தொடக்கக் குரல் கேட்காமல் நம் பையன் ஒருவனே முந்திப் பாய்ந்து, நமக்கே தண்டனை கிடைத்தது! இதோ இருக்கும் அன்னை வெர்டெல் விசிறியால் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஏய் கர்ட்டிஸ்! எதிராளி கையில பந்து இருந்தா ஆட்டு. நம்ம கையில இருந்தா கம்முனு கிட!"

"ஆமென்!" என்கிறீர்களே, அடி வாங்கியவன் நானல்லவா?

அன்பர்களே, பந்தைப் பிடித்தவனா என் மகன்? இல்லை. பாய்ந்து ஓடியவனா? இல்லை. தடுப்பு வரிசையின் நட்டநடுவே, மண்ணில் கை ஊன்றி நின்றவன். மலைபோல் இரண்டு பேர் மோதுவார்கள். தாங்குவான்! தாங்கிய இடைவெளியில் தோழன் புகுந்து எதிராளியை வீழ்த்துவான். ஒலிபெருக்கியில் யார் பெயர்? தோழன் பெயர்! கைதட்டல் யாருக்கு? தோழனுக்கு! ஒருநாள் கேட்டேன்: "ஏன்டா, உன் பேரை எப்பதான் சொல்லுவாங்க?"

"அப்பா, என் பேரைச் சொன்னா நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம். கும்பிட்டுக்கோ, சொல்லக் கூடாதுன்னு!"

பள்ளியில் தாங்கினான், பல்கலைக்கழகத்தில் தாங்கினான், தொழில்முறை அணியில் பதினோரு பருவம் தாங்கினான். இன்னொரு பருவம் ஆட அணி அழைக்கிறது. நாளை அவன் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னும் ஒரு வருஷம்! இன்னும் ஒரு வருஷம்!" என்று முழங்குகிறீர்கள். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் டெவ்ரன் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். மகனே, முட்டி உன்னுடையது, முதுகு உன்னுடையது, முடிவும் உன்னுடையது! ஆடினாலும் நீ எங்கள் பெருமை. அமர்ந்தாலும் நீ எங்கள் பெருமை. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொழுதெல்லாம் செபித்த தாய்மார்க்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமாய் வீடு சேருங்கள்!

மேடையில் பேசியது இவ்வளவுதான், மகனே. பேசாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு மோதலிலும் உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எந்திரிச்சிட்டானா?" என்று கேட்பாள். "எந்திரிச்சிட்டான்" என்பேன். கடைசி ஆட்டத்தில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், டெவ்ரன். நீ எந்திரிக்காமல் மண்ணிலேயே கிடந்தாய். போதும்டா, வந்துவிடு.